பதினாலாம் கட்டிலும் ஓர் இத்தாலிக்காரரும்

— பொய் சொல்லாத மங்கலம். காலையில டாக்டருக்குப் பொறத்தால நீ வராந்தா வரைக்கும் போனேலா? அவருட்ட என்ன சொன்னே?

— என்னத்தச் சொன்னேன்? மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயான்னு கேட்டேன்.

— அதுக்கு அம்புட்டு நேரமா? இங்கிலீஷ்ல அடிச்சு விட்டுக்கிட்டு நிந்தே. நான் கட்டில்ல கெடந்தாலும் கண்ணு சும்மா கெடக்காது, கேட்டியா.

— மெதுவாப் பேசுங்க. கட்டிலுக்குக் கீழ பாயில தாசையன் ஒறங்குகாரு.

— அவன் ஊசி போட்ட ஒறக்கத்துல கெடக்கான். பக்கத்துல செண்டை கொட்டினாலும் முழிக்க மாட்டான். நீ பேச்ச மாத்தாத. ஹெர்னியா ஆபரேசன் முடிஞ்சு, தையலும் பிரிச்சாச்சு. இன்னைக்குப் பேரு வெட்டி வீட்டுக்கு அனுப்பிருவேன்னு டாக்டர் நேத்தே சொன்னாருலா? காலையில உங்கிட்டப் பேசிட்டுத் திரும்பி வந்தவரு, ‘ரண்டு திவசம் கூடி கழியட்டே’ங்காரு, ரெண்டு நாளு கூடக் கெடக்கணுமாம். ஒரே ராத்திரியில எனக்கு என்ன கேடு வந்துட்டு?

— ஒங்களுக்கு ஒரு கேடும் இல்ல.

— பின்ன?

— நாந்தான் சொன்னேன். ராத்திரி முழுக்க வலியில ஒறங்கவே இல்ல, வீட்டுல மாடிப்படி வேற ஏறணும், ரெண்டு நாளு கூட வச்சுப் பாருங்க டாக்டர்னேன்.

— ராத்திரி நான் கொறட்டை விட்டு ஒறங்கினேன். பதிமூணாம் கட்டில்காரரு காலையில எங்கிட்ட சண்டைக்கே வந்தாரு.

— தெரியும்.

— தெரிஞ்சேதான் சொன்னியா?

— தெரிஞ்சேதான்.

— ஏ, உனக்கு மண்டைக்கு வழியில்லையா? பழவங்காடியில இப்பம் மண்டலகாலம். மாலை போட்ட சாமிமாரு பஸ்ஸு பஸ்ஸா வந்து எறங்குகாவ. குத்துவிளக்கக் கொண்டா, மணியக் கொண்டான்னு நம்ம விளக்குக் கடையில நிக்க எடம் இருக்காது. கடைப் பய பகவதிப்பெருமாள் ஒத்தையில கெடந்து திண்டாடுகான். நீ என்னடான்னா, நல்லா இருக்கப்பட்ட மனுசனப் படுக்கப் போட்டு வச்சிருக்கே. என்ன காரியம்?

— சொன்னா எளக்காரம் பேசுவிய.

— பேசல்ல. சொல்லு.

— புத்தகத்துல இன்னும் நாலு கட்டுரை மிச்சம் இருக்கு.

— எந்தப் புத்தகத்துல?

— எந்தப் புத்தகமாம்! ஒங்க தலமாட்டுல துணிப்பைக்குள்ள இருக்குல்லா, அந்த இத்தாலிக்காரர் புத்தகந்தான்.

— அட சவமே! புத்தகம் படிச்சுத் தீக்கதுக்கா என்னை ஆஸ்பத்திரியில போட்டு வச்சிருக்கே?

— பாத்தியளா, பேச மாட்டேன்னு சொல்லிட்டு...

— பேசாம என்ன செய்ய? வீட்டுல போயி படிக்கப்பிடாதா? புத்தகம் என்ன, கட்டில்ல கெட்டியா போட்டிருக்கு?

— வீட்டுலயா? நல்லா சொன்னிய. ஸ்டாச்சு ஜங்ஷன்ல நடைபாதைக் கடையில அத வாங்கி ரெண்டு வருசமாச்சு. அரிசிப் பானைக்குப் பொறத்தால ஒளிச்சு வச்சிருந்தேன். ஒக்காந்து ஒரு பக்கம் புரட்டுனா, ‘மைனி, தோசைக்கு அரைச்சாச்சா’ன்னு ஒரு குரலு. இன்னொரு பக்கம் புரட்டுனா, ‘பெரியம்மை, என் சாக்ஸைக் காணல்ல’ன்னு இன்னொரு குரலு. ஒங்க தம்பிமாரு, அவங்க பெண்டு பிள்ளைங்க, கடைப் பயக்க, எல்லாருக்கும் மூணு வேளையும் வடிச்சுக் கொட்டணும். நான் எம்.ஏ. இங்கிலீஷ் படிச்சவங்கது அந்த வீட்டுல யாருக்கு ஓர்ம இருக்கு? எனக்கே இல்ல.

— அதுக்கு?

— இங்க வந்து பைஸ்டாண்டர்னு ஒரு பாஸைக் கையில தந்து, நோயாளி பக்கத்துல இந்த ஸ்டூல்ல இருங்கன்னு சொல்லிட்டாவ. காப்பி கேன்டீன்ல, கஞ்சி கேன்டீன்ல. கைக்கு வேலையே இல்ல. மொத நாளு பயந்து போயிட்டேன், கேட்டியளா, ரெண்டு கையும் யாரோடதோ மாதிரி மடியில கெடக்கு. ரெண்டாம் நாளு புத்தகத்த எடுத்தேன். சொல்ல வெக்கமாட்டு இருக்கு. ஒங்க வயத்தக் கீறினதுல எனக்கு லீவு கெடச்சிட்டு.

— அடிப்பாவி.

— ஆமா, பாவிதான். ஒங்களத் தியேட்டருக்குள்ள தள்ளிக்கிட்டுப் போகச்சில அழுதேன். அது நெசம். வெளியில கொண்டாந்து, ‘குழப்பமில்லா’, பயப்பட ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொன்னாருலா? அடுத்த நிமிசமே, இனி எத்தன நாளு இங்க இருக்கலாம்னு மனசு கணக்குப் போட்டுது. அதுவும் நெசம். சிரிக்காதீங்க. நான் இதச் சொல்லதுக்கு என்ன பாடு படுகேன்னு ஒங்களுக்குத் தெரியாது.

— சிரிச்சா வயிறு இழுக்கு, நான் எங்க சிரிக்கேன்? ஆனாலும் இது என்ன ஒரு புத்தகம்டி? கதையா இருந்தா, மேக்கொண்டு என்னாச்சோன்னு தவிப்பு இருக்கும், சரி. இது கதையும் இல்ல. கதை எழுதினவன் ஒருத்தன். அதப் படிச்சவன் இந்த இத்தாலிக்காரன். அவன் படிச்சத எழுத, அத நீ படிக்கே, நீ சொல்லி நான் கேக்கேன். கல்யாணத்துக்குப் போனவன் சாப்பாட்டச் சொல்ல, போகாதவன் ஏப்பம் விட்ட மாதிரில்லா இருக்கு?

— நேத்து அந்த ஏப்பத்த மூணு மட்டம் விட்டியளே!

— எப்பம்?

— அந்த விளக்குக்காரன் கட்டுரைய மூணு தடவ சொல்லச் சொன்னது யாரு? பதிமூணாம் கட்டில்காரரா?

— அது... அது விளக்கு சங்கதில்லா. தொழில் சம்பந்தம்.

— ஓ, தொழிலு!

— பின்ன? ஏதோ பழைய நாவல்ல, புருசன் பெண்டாட்டிக்குள்ள பெரிய சண்டை நடக்கப்பட்ட நேரம், வேலைக்காரன் ஒருத்தன் விளக்கோட அறைக்குள்ள வாறான். எழுதினவன் சண்டை மும்முரத்துல அவன வெளிய அனுப்ப மறந்து போனான். எழுநூறு பக்கம் தாண்டியும் அவன் வெளிய வரல்ல. அதக் கண்டுபிடிச்சு, அந்தப் பய இன்னும் அங்கனதான் நிக்கான், எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே நிக்கான்னு எழுதியிருக்கான் பாரு இத்தாலிக்காரன், அவன் ஆளு கெட்டிக்காரன். ஆனா ஒண்ணு. எந்த விளக்கா இருந்தாலும் வெடியதுக்குள்ள எண்ணெ தீந்திரும். பொறவு அவன் இருட்டுலல்லா நிப்பான்? அத இத்தாலிக்காரன் எழுதல்ல.

— நீங்க சொன்ன பொறவு எனக்கு அந்தக் கட்டுரையில அதுவும் சேந்துதான் ஓர்ம வருது. இருபத்தாறு வருசத்துல நீங்க எங்கிட்ட இப்படி ஒரு பேச்சு பேசினதில்ல. அரிசி தீந்துட்டு, ஆளு வாறான், பூட்டு எங்க... இதுதான் பேச்சு.

— நான் என்னத்தப் பேச? கடையடைச்சு வாறதுக்குள்ள நாக்கு தளந்து போவும்.

— குத்தம் சொல்லல்ல. அதாக்கும் எனக்கு இங்கேருந்து போக மனசில்லாம ஆச்சு. தனியாப் படிச்சதே சந்தோசந்தான். ஆனா படிச்சதச் சொல்லதுக்கு ஒரு ஆளு, அதுவும் எழும்பி ஓட முடியாம கெடக்கப்பட்ட ஆளு கெடச்சா, சும்மாவா?

— மங்கலம்.

— என்னா?

— நீ டாக்டர்ட்ட பொய் சொன்னது பொறவு. அதுக்கு முன்ன நானும் ஒரு வேலை பாத்திருக்கேன்.

— என்ன வேலை?

— காலையில டாக்டரு வயித்த அமத்திப் பாத்தாருலா?

— ஆமா. ‘அய்யோ அம்மா’ன்னு கத்துனிய. எனக்கே பகீர்னு ஆயிட்டு.

— எனக்கு ஆபரேசன் எந்தப் பக்கம்?

— வலது பக்கம்.

— அவரு அமத்துனது எடது பக்கம்.

— ஐய! ஏன் கத்துனிய?

— நீ ஏன் சொன்னியோ, அதுக்குத்தான். கடைசிப் பத்துப் பக்கத்தப் படிக்காமலே முப்பது வருசம் ஒரு நாவல வச்சிருந்தான்னு ஒருத்தனப் பத்தி நேத்து தொடங்கினே. அதுக்குள்ள கேன்டீன் கஞ்சிக்காரன் வந்துட்டான். வீட்டுக்குப் போனா நீ அடுக்களைக்குப் போயிருவே, நான் கடைக்குப் போயிருவேன். அவன் அந்தப் பத்துப் பக்கத்தப் படிச்சானா இல்லையான்னு நான் யாருட்டப் போயி கேக்க? பகவதிப்பெருமாள்ட்டயா?

— ஒங்கள என்ன செய்ய? அந்த டாக்டரு என்ன நெனச்சிருப்பாரு?

— வலி எடம் மாறியிருக்குன்னு நெனச்சிருப்பாரு. பெரிய டாக்டர்லா.

— சிரிக்காதீங்க. எனக்குச் சிரிப்பு வரல்ல.

— இப்பம் என்னாச்சு? முகத்த ஏன் இப்படி வச்சிருக்கே? அழுகியா?

— கீழ பாருங்க.

— தாசையன். ஒறங்குகான்.

— எங்க ஒறங்குகாரு?

— பாயில.

— பாயிலன்னா தரையில. முதுகெலும்பு அடிபட்ட மனுசன் சிமெண்டுத் தரையில கெடக்காரு. பொன்முடி எஸ்டேட்டுல மரத்துக் கொப்பு வெட்டும்போ விழுந்து, அந்த வளைவு வளைவான ரோட்டுல மலையடிவாரத்துக் கல்லாறு வரைக்கும் ஜீப்புல துள்ளித் துள்ளி, உயிர கையில பிடிச்சுக்கிட்டு இங்க வந்து சேந்தவரு. இந்த வார்டுல எந்தக் கட்டிலு முதல்ல ஒழியுதோ அது அவருக்குன்னு சிஸ்டர் சொல்லியாச்சு. எந்தக் கட்டிலு ஒழியணும்?

— பதினாலு.

— நம்ம கட்டிலு. இன்னைக்கு ஒழிய வேண்டிய கட்டிலு. நான் வராந்தாவுல டாக்டர்ட்ட பேசிட்டுத் திரும்பி வாறேன், அவரு பெண்டாட்டி ராஜபாய் கதவுகிட்ட நின்னு என் கையப் பிடிக்கா. ‘அக்கா, இன்னைக்குப் பேரு வெட்டுதாங்களா? சந்தோசம் அக்கா. அண்ணாச்சி நல்லாருக்கணும்’ங்கா. ரெண்டு நாளு கூட ஆவும்னு சொன்னேன். அவ முகத்துல இருந்த சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. பொறவு, ‘அய்யோ, அண்ணாச்சிக்கு வலி கூடிட்டா’ன்னு எனக்கு ஆறுதல் சொல்லுகா. எனக்கு!

— நான் தாசையன நெனைக்கவே இல்ல, மங்கலம். சத்தியமாட்டு. கத்துன நேரம் கட்டில நெனைக்கல்ல.

— நான் நெனச்சேன். அதாக்கும் வித்தியாசம். நெனச்சேன், நெனச்சிட்டு, ரெண்டு நாளுதானன்னு சமாதானம் சொல்லிக்கிட்டேன். என் இங்கிலீஷக் கேட்டதும் டாக்டரு நின்னு பதில் சொன்னாரு. ராஜபாய் அந்த டாக்டர்கிட்ட பேசணும்னா அரை நாளு சுவரோரம் நிக்கா. நின்னாலும் வாயத் தொறக்க அவளுக்குப் பயம்.

— அழாத. சத்தம் கேட்டு சிஸ்டர் வரப் போறா.

— இன்னொண்ணு கேளுங்க. இது ஒங்களுக்குத் தெரியாது. முந்தாநாளு ஒரு கட்டுரை படிச்சு நான் சிரிச்சேன்லா? சிஸ்டர் கூட, அழுகேன்னு நெனச்சு ஓடி வந்தா.

— ஆமா. எச்சிப் பாத்திரம் சங்கதி. நாவல்ல விருந்து விருந்தா வருது, ஆட்டுக் கறிங்கான், மீனுங்கான், ஒரு எடத்துலயும் யாரும் பாத்திரம் கழுவல்ல, அம்புட்டு எச்சித் தட்டையும் கழுவினது யாருன்னு அந்த மனுசன் தேடித் தேடிப் பாத்தான்னு சொன்னியே. நீ அப்படிச் சிரிச்சு நான் கண்டதே இல்ல. நான் நெனச்சுக்கிட்டேன், கேட்டியா. இவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியுமா, நாமதான் சிரிக்க விடல்லையோன்னு.

— அந்த நேரம் நம்ம தூக்குவாளியையும் தட்டையும் கழுவினது யாரு?

— நீதான?

— நான் புத்தகத்துலல்லா இருந்தேன். ‘நீங்க வாசிங்க அக்கா, எங்களுக்க பாத்திரத்தோட இதையும் கழுவிக் கொண்டாறேன்’னு ராஜபாய் எடுத்துட்டுப் போனா. அன்னைக்கு மட்டும் இல்ல, தெனமும். நானும் சரின்னு குடுத்தேன். பாத்திரம் கழுவினது யாருன்னு ஒருத்தன் கேக்கான், அதப் படிச்சு நான் கண்ணுல தண்ணி வர சிரிக்கேன், என் எச்சிப் பாத்திரத்த அவ குழாயடியில குனிஞ்சு கழுவுகா. தரையில படுத்து அவ காலு ரெண்டும் நீரு வச்சிருக்கு. நீங்க பாத்தியளா?

— பாக்கல்ல.

— நான் பாத்தேன். பாத்துட்டுப் பக்கத்தப் புரட்டுனேன்.

— இப்பம் ராஜபாய் எங்க?

— வெந்நி வாங்கப் போறேன்னு போனா. அவ வாறதுக்குள்ள இத முடிச்சிரணும். நான் சிஸ்டர்ட்ட போறேன். பொய் சொன்னேன், வலி ஒண்ணும் இல்ல, டாக்டர விளிச்சு இன்னைக்கே பேரு வெட்டித் தாங்கன்னு கேக்கப் போறேன்.

— அவங்க உன்ன என்ன நெனைப்பாவ?

— என்ன வேணும்னாலும் நெனைக்கட்டும். அத விட மோசமாட்டு நான் என்னை நெனச்சுக்கிட்டேன்.

— அப்பம் நானும் சொல்லுகேன். எடது பக்கம் அமத்தினாரு, நான் நடிச்சேன்னு. ரெண்டு பேரும் சேந்து வெக்கம் கெட்டுப் போவோம். அந்தச் சட்டைய எடு. எழும்பி நடந்து காட்டுகேன்.

— மெதுவா, மெதுவா. கையப் பிடிச்சுக்கிடுங்க.

— மங்கலம், புத்தகத்த?

— அது பையிலயே கெடக்கட்டும். இனி அதத் தொட்டா என் கை கூசும்.

— அக்கா.

— யாரு?

— நாந்தான்க்கா, தாசையன்.

— அய்யோ, முழிச்சிட்டியளா? சத்தம் போட்டு எழுப்பிட்டோம். மன்னிச்சுக்கிடுங்க.

— நான் ஒறங்கல்லக்கா.

— தாசையா, எப்பத்துலேருந்து ஒறங்கல்ல?

— தொடக்கத்துலேருந்தே ஒறங்கல்ல, அண்ணாச்சி. ஊசிக்கு மயக்கமாட்டுதான் இருந்துது. அக்கா குரலு கேட்டதும் தெளிஞ்சிட்டு.

— அப்பம் எல்லாம் கேட்டியா?

— கேட்டேன் பாத்துக்கிடுங்க.

— தாசையன், நான் ஒங்க முகத்தப் பாத்துச் சொல்லணும்னுதான் இருந்தேன். ஒங்களுக்கு வர வேண்டிய கட்டில நான் தடுத்து வச்சிட்டேன். புத்தகம் படிக்கதுக்காக. வேற ஒரு காரணமும் இல்ல. நீங்க என்னைத் திட்டணும். திட்டினாத்தான் எனக்கு மனசு ஆறும்.

— நான் எதுக்குக்கா ஒங்கள ஏசணும்? காலையில டாக்டரு ‘ரண்டு திவசம் கூடி’ன்னு சொன்னாருலா, எனக்கு சந்தோசமாட்டு இருந்துது.

— சந்தோசமா?

— ஆமா பாத்துக்கிடுங்க. நான் படிச்சது ரெண்டாங் கிளாஸ். எஸ்டேட்டு லயத்து வீட்டுல எவன் எவன்கிட்ட நின்னு பேசுகான்? விடிஞ்சா தோட்டம், அடைஞ்சா ஒறக்கம். இங்க வந்து மல்லாக்கக் கெடக்கேன், திரும்பப்பிடாதுன்னு சொல்லிட்டாவ. இந்தக் கட்டிலுக்க அடிப்பலகைதான் எனக்கு ஆகாசம். முதுகு கொல்லும். அக்கா மேல இருந்து அண்ணாச்சிக்குச் சொல்லித் தொடங்கினா, பாதி எனக்கு வெளங்காது. எந்த நாடு, எவன் எழுதினான், ஒண்ணும் தெரியாது. ஆனா முதுகு இருக்கதே மறந்து போவும்.

— தாசையா, நீ நல்லவன். அதுக்காக எங்களச் சமாதானப்படுத்தாத. தரையில கெடந்து ஒன் முதுகு கெட்டுப் போச்சுன்னா அந்தப் பாவத்த நாங்க எங்க கொண்டு போடுவோம்? எங்க கட்டிலு இப்பமே ஒனக்கு. மங்கலம், போ, சிஸ்டர விளி.

— வேண்டாம் அண்ணாச்சி, நில்லுங்க. அக்கா, ஒங்க கட்டில நெனச்சு நீங்க அழப்பிடாது. எனக்குக் கட்டிலு நேத்தே கெடச்சுது.

— எங்க?

— மேல, ஒன்பதாம் வார்டுல. நேத்து மத்தியானம் சிஸ்டர் வந்து சொன்னா, ஒரு கட்டிலு ஒழிஞ்சிருக்கு, ஸ்ட்ரெச்சர் கொண்டாரட்டான்னு. நல்ல சன்னல் பக்கத்துக் கட்டிலாம். அக்கா அப்பந்தான் அந்தப் பத்துப் பக்கம் படிக்காதவன் கதையைத் தொடங்கினிய. நான், எனக்கு இங்கயே போதும், வேற ஆருக்காவது குடுங்கன்னு சொல்லிட்டேன். நீங்க ரெண்டு பேரும் கதையில இருந்ததுல கேக்கல்ல.

— கட்டில வேண்டான்னு சொன்னியளா? இந்தத் தரையில கெடந்துக்கிட்டா?

— ஒன்பதாம் வார்டுல எனக்கு ஆரு வாசிப்பாக்கா?

— என்ன வேலை செஞ்சிய தாசையன்... இதுக்கு ராஜபாய் எப்படிச் சம்மதிச்சா? அவ காலப் பாத்தியளா?

— பாத்தேங்க்கா. அந்த நேரம் பிள்ளையள விளிக்க எஸ்.டி.டி. பூத்துக்குப் போயிருந்தா. திரும்பி வந்ததும் சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரல்ல.

— அப்பம் அவளுக்கு இன்னும் தெரியாதா?

— தெரியாதுக்கா. வெந்நிக்குன்னு உங்ககிட்டச் சொன்னாளே, வெந்நிக்கு இல்ல. இப்பமும் எனக்குக் கட்டிலு கேட்டு சிஸ்டர் காலப் பிடிக்கத்தான் போயிருக்கா.